நம்ம ஊரு முடி

போன வாரம் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போறாங்களாம், திருமலைக்கு ரூமெல்லாம் புக் பண்ணியாச்சாம். "பொண்ணுக்கும் மொட்டை இருக்குங்க, அவங்க பாட்டி வேண்டிக்கிட்டாங்க" என்றார். பொண்ணுக்குப் பதினாலு வயசு. "அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன். "அவ என்னங்க சொல்றது? வேண்டியாச்சுல்ல" என்று சிரித்துவிட்டு, இந்திய ரூபாயை இப்ப மாத்தலாமா, அடுத்த மாசம் மாத்தலாமா என்று கேட்க ஆரம்பித்தார். வங்கியில் வேலை செய்றவனிடம் எல்லோரும் கடைசியில் கேட்பது அதுதானே.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குவார்ட்டர் முடிவு, ஆபீஸில் ஆணி குவிந்து கிடக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியலை. நண்பரிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதும் ஒரு காரணம். பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அவரை மாதிரியே சிரித்திருப்பேன் என்பது இன்னொரு காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓவியம், சிற்பம், கலை எதுவும் தெரியாது. சித்தூரில் பி.காம் படித்தவன். டெபிட் எது கிரெடிட் எது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். மாடர்ன் ஆர்ட் என்றால் "இதை நம்ம வீட்டுக் குட்டியே வரையுமே" என்கிற கட்சி. அப்படிப்பட்டவனை ஒரு பெண் கலைஞரின் ஒரே ஒரு படைப்பு எட்டு வருஷமாக விடாமல் துரத்துகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

2016 ஜூனில் லண்டன் டேட் மாடர்னில் புதுக் கட்டடம் திறந்தார்கள். அனுமதி இலவசம். இலவசம் என்றால் நம்ம ஆட்கள் விடுவோமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளிசாதம் கட்டிக்கொண்டு, தங்கமணி, அப்போது ஒன்பது வயசு மகள், நான் மூணு பேரும் போனோம். உள்ளே ஒரு அறை. சுவரிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கயிறுகள் தொங்குகின்றன. தரையில் சுருண்டு, குவிந்து, பின்னி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. நடுநடுவே பளபளவென்று கார் பம்பர்கள், குரோம் பூசியவை, சுமார் இருபது இருக்கும். கயிறுதான் அந்தப் பம்பர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தபோது கேபிள் வயர் என்று நினைத்தேன். "கட்டட வேலை இன்னும் முடியலை போல" என்றுகூடச் சொன்னேன். தங்கமணி கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்தாங்க.

"ஏங்க, இது முடிங்க."

ஆமாம், மனுஷ முடி. நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு முடியில் திரித்த கயிறு. செய்தவர் பெங்களூரில் இருக்கும் ஷீலா கௌடா. படைப்பின் பெயர் 'பிஹோல்ட்', 'இதோ பார்' என்று வைத்துக்கொள்ளலாம். 2009இல் வெனிஸ் பினாலேயில் வைத்தது. அப்புறம் டேட் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மகள் குறிப்பட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இதெல்லாம் யாரோட முடி?"

"நம்ம ஊரு முடிடா" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சும்மா சொல்லவில்லை. தென்னிந்தியக் கோயில்களில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கிற முடியில் நீளமானது விக் செய்யப் போய்விடும். மிஞ்சுகிற குட்டை முடியைக் கயிறாகத் திரித்து விற்பார்கள். டிரைவர்கள் அதை வண்டி பம்பரில் கட்டுவார்கள், திருஷ்டிக்கு. பெங்களூரில் இதைப் பார்த்துத்தான் ஷீலா கௌடா அந்தக் கயிற்றைக் கையில் எடுத்தாராம். எங்கள் சித்தூர்ப் பக்கம் லாரியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும், கூடவே கறுப்பாக ஒரு கயிறும் இருக்கும். கறுப்புக் கயிறு என்ற அளவோடு விட்டிருக்கிறேன். அது யாரோ ஒரு அம்மாவின் தலையிலிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை.

ஷீலா கௌடா 1957இல் கர்நாடகா பத்ராவதியில் பிறந்தவர். பெங்களூர், பரோடா, சாந்திநிகேதன் எல்லாம் படித்து, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் வரை வந்தவர். ஓவியராகத் தொடங்கி, தொண்ணூறுகளில் பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டுச் சாணி, குங்குமம், நூல், ஊதுபத்தி என்று நம்ம வீட்டு அலமாரிச் சாமான்களுக்கு வந்துவிட்டார். 'அவனிடம் என் வலியையும் சொல்' என்று பொருள் வருகிற பெயரில் அவருடைய இன்னொரு படைப்பு உண்டு. ஊசி ஊசியாக நூலைக் கோர்த்து, முழு நீளத்துக்கும் இழுத்து, மொத்தமாகச் சேர்த்துக் குங்குமத்தில் தோய்த்துச் சிவப்புக் கயிறாக்கியிருப்பார். ஒரு முனையில் அத்தனை ஊசியும் கொத்தாகத் தொங்கும். எத்தனை முறை ஊசியில் நூல் கோர்த்திருப்பார், அவர் விரல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம். 2019இல் மிலானிலும், 2020இல் ம்யூனிக்கிலும் தனிக் கண்காட்சிகள் நடந்தன. மிலானுக்காவது போயே தீர்வது என்று இருந்தேன். அந்த வருஷம் லீவு கிடைக்கலை. அந்தக் கதை வேண்டாம்.

பெண், அழகு என்று தலைப்பு வைத்துக் கண்காட்சி வைத்தால் பொதுவாக என்ன இருக்கும்? முகம் இருக்கும். நம்ம தலைமுறைக்குப் பெண்ணழகு என்றாலே ரவிவர்மா. அவர் வரைந்த லட்சுமியும் தமயந்தியும் காலண்டராகி, நெருப்புப்பெட்டி லேபிளாகி, சினிமா கதாநாயகியாகி, கல்யாணத் தரகர் கொண்டுவருகிற போட்டோ வரைக்கும் வந்துவிட்டார்கள். பெங்களூரின் இன்னொரு கலைஞர் புஷ்பமாலா, 2000க்கும் 2004க்கும் இடையில் கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து, அந்த ரவிவர்மா படங்களுக்குள் தானே வேஷம் கட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தாமரைமேல் நிற்கிற லட்சுமியாக அவரே நிற்பார். பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து, தாமரைமேல் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தோன்றும்.

அவர் படத்துக்குள்ளே போய் நின்றார். ஷீலா கௌடா படத்திலிருந்து பெண்ணை வெளியே எடுத்துவிட்டு, அழகு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். முகம் இல்லை, கண் இல்லை, சேலை இல்லை. முடி மட்டும். மல்லிகைப்பூ வைத்துத் தலையில் இருக்கும்போது கவிதை எழுதவைக்கிற அதே பொருள், தரையில் கிடக்கும்போது தங்கமணியை ஒரு அடி பின்னால் போகவைத்தது. சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறோமே, அதேதான். எனக்குத் தெரிந்து பெண்ணழகைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய கண்காட்சி வேறு இல்லை. நான் பார்த்த கண்காட்சிகள் மொத்தமே நாலு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கொஞ்சம் கணக்கு. தொழில்புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமலை கல்யாணகட்டாவில் மொட்டை இலவசம். டோக்கனோடு பாதி பிளேடு கொடுப்பார்கள். இறக்கிய முடி தரம் பிரிக்கப்பட்டு மின்னணு ஏலத்துக்குப் போகும். 31 அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம், 16இலிருந்து 30 வரை இரண்டாம் தரம், இப்படியே இறங்கி ஐந்து அங்குலத்துக்குக் கீழே கடைசி. நரைமுடிக்குத் தனித் தரம். 2024-25க்குத் தேவஸ்தானம் போட்ட பட்ஜெட் ஐயாயிரம் கோடிக்கு மேல், அதில் முடிக் கணக்கு சுமார் 150 கோடி ரூபாய். (வங்கி வைப்புகளுக்கு வருகிற வட்டியே ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். எழுமலையான் வைத்திருக்கிற மாதிரி ஒரு டெபாசிட் கணக்கு என் கிளைக்கு வந்தால் எனக்கு மறுநாளே பிரமோஷன்.)

முதல் தரம், இரண்டாம் தரம் என்றால் கிட்டத்தட்ட எல்லாம் பெண்கள் முடிதானே. ஆம்பளைங்க எல்லோரும் மொட்டை போட்டுக் கொடுப்பது கடைசித் தரம். ஆனால் ஊரில் "மொட்டை போட்டுட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த முடிதான் கடல் தாண்டி வருகிறது. லண்டனில் பெக்கம், பிரிக்ஸ்டன் பக்கம் போனால் கடை கடையாக 'இந்தியன் ரெமி' என்று பாக்கெட்டில் தொங்கும். ஒரு கட்டு நூறு பவுண்டுக்கு மேலேயும் போகும். 2004 மே மாதம் ஜெருசலேமில் ஒரு பெரிய யூத மதகுரு, ரப்பி எல்யாஷிவ், இந்தக் கோயில் முடியில் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியக்கூடாது, அது வேறு தெய்வத்துக்குக் கொடுத்தது என்று தீர்ப்புச் சொன்னார். கல்யாணமான பெண்கள் தங்கள் சொந்த முடியை வெளியே காட்டாமல் மறைக்க வேண்டும் என்று விக் போட்டுக்கொள்கிற சமூகம் அது. நியூயார்க் புரூக்ளினில் தெருவில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். இங்கே ஒரு பெண் சாமிக்காக அழகைக் கழற்றிக் கொடுக்கிறாள். அங்கே ஒரு பெண் சாமிக்காகவே அதை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள். பிறகு சாமிக்காகவே கொளுத்துகிறாள். இரண்டு ஊரிலும் என்ன செய்யணும் என்று சொன்னவர்கள் வேறு யாரோ.

சரி, டேட் மாடர்னுக்கு வருவோம். நான் மகளிடம் இந்த ஏலக் கணக்கையெல்லாம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். தங்கமணி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. வெளியே வந்து தேம்ஸ் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் பிரிக்கும்போது சொன்னாங்க:

"என்னை யாரும் கேக்கலைங்க."

எனக்கு ஒரு நிமிஷம் என்ன பேசுகிறாங்க என்றே புரியலை. புரிந்தபோது புளிசாதம் இறங்கலை.

இங்கே கொசுவத்தி சுத்தணும். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. எங்க அம்மா சித்தூரில் இருந்தபடியே, குழந்தை பிறந்தால் மருமகள் முடியைத் தருகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டாங்க. 2007இல் மகள் பிறந்தாள். 2008இல் ஊருக்குப் போனோம். குழந்தைக்கு முதல் மொட்டை, கூடவே தங்கமணிக்கும். இடுப்புக்குக் கீழே வரைக்கும் இருந்த முடி. தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. பேசாததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். எந்த வங்கியிலாவது கையெழுத்து இல்லாமல் "அவங்க ஒண்ணும் சொல்லலை சார்" என்று பணம் எடுக்க விடுவோமா? நான் விட்டேன்.

நாலு வாரத்தில் லண்டன் திரும்பி, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாங்க. ஆபீஸில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்களாம். மேசைமேல் பூங்கொத்து. யாரோ கையைப் பிடித்து "தைரியமாக இரு" என்றாராம். கீமோ எடுக்கிறாள் என்று முடிவே பண்ணிவிட்டார்கள். இல்லை என்று சொன்னால் கோயில், வேண்டுதல், மாமியார் எல்லாம் சொல்லணும். சொன்னால் அடுத்து எந்த மாதிரிப் பார்வை வரும் என்று தங்கமணிக்குத் தெரியும். அதனால் சும்மா இருந்திருக்காங்க. இல்லாத புற்றுநோய்க்கு மூணு மாசம் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்காங்க. இது எதுவும் எனக்கு 2016 வரைக்கும் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கோம்.

உடனே "அப்ப மொட்டையே தப்பு என்கிறாயா?" என்று கிளம்பிவிடாதீர்கள். இல்லை. எங்க அம்மாவையே சொல்கிறேன்.

1985. எனக்கு ஏழு வயசு. டைபாய்டு வந்து பிழைத்தேன். எனக்காக அம்மா தன் முடியையே வேண்டிக்கொண்டாங்க, அப்பாவிடம்கூடச் சொல்லாமல். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ். சந்திரகிரிக் கோட்டை தாண்டும்போது அம்மா ஜடையை முன்னால் போட்டு என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோ, நாளைக்கு இருக்காது" என்று சிரித்தாங்க. அப்போதெல்லாம் திருப்பதி எங்க சித்தூர் மாவட்டம்தான். (2022 ஏப்ரலில் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் எங்க பக்கமெல்லாம் வட ஆற்காடாக இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாகி, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. எங்களைப் பொறுத்தவரை எல்லையெல்லாம் பஸ் போர்டில் எழுத்து மாறுகிற இடம், அவ்வளவுதான்.) நாவிதர் "தல வஞ்சண்டி அம்மா" என்றார். அம்மா குனிந்தாங்க. முடிந்ததும் சந்தனம் பூசி, முன்னைவிடப் பெரிசாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, "எப்படிடா இருக்கேன்?" என்று கேட்டாங்க. அம்மா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. மகன் கணக்கில் சொல்கிறேன் என்று தள்ளுபடி பண்ணினாலும் பரவாயில்லை.

அப்பாதான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஏன் என்று பெரியவனான பிறகுதான் புரிந்தது. எங்க தெருவில் ஒரு பாட்டி இருந்தாங்க. சின்ன வயசில் புருஷன் போய், அந்தக் காலத்து வழக்கப்படி தலையைச் சிரைத்தவங்க. சாகிறவரைக்கும் முக்காடுதான். காலையில் எதிரே வந்தால் சகுனம் என்று ஜனங்கள் நின்றுவிட்டுப் போவார்கள். மொட்டைத் தலையோடு பொண்டாட்டி தெருவில் நடந்தால் பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க என்பதுதான் அப்பாவின் கவலை. அந்தப் பாட்டி அம்மாவைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிப் பார்த்து, "நீ குடுத்துட்டு வந்தே, என்கிட்ட எடுத்துண்டா" என்றாங்களாம். அம்மா இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. பாவம் பாட்டி என்பதற்காகச் சொல்வாங்க. அதே அம்மாதான் மருமகள் முடியை வேண்டிக்கொண்டதும். மனுஷங்க அப்படித்தான், என்ன பண்றது.

எல்லாம் ஒரே கத்திதான். தலைக்குச் சொந்தக்காரி தானாகக் குனிந்தாளா, குனியவைத்தார்களா என்பதுதான் எனக்குக் கேள்வி. திருமலையில் சொல்கிற கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் தலையில் அடிபட்டு ஒரு இடத்தில் முடி இல்லாமல் போனதைப் பார்த்து, நீளாதேவி என்கிற கந்தர்வப் பெண் தன் முடியில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தாளாம். அதனால்தான் முடிக் காணிக்கை, அதனால்தான் ஏழு மலையில் ஒன்று நீளாத்ரி என்பார்கள். அந்தக் கதையில் நீளாதேவியின் மாமியார் வேண்டிக்கொண்டதாக எங்கேயும் இல்லை. அவளே பார்த்தாள், அவளே வெட்டினாள், அவளே கொடுத்தாள்.

நம்ம பக்கத்துக் கதைகளில் இது அபூர்வம். பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று பாண்டியன் சபையில் ஒரு பெரிய சண்டையே நடந்ததே, 1965இல் வந்த திருவிளையாடல் படத்தில் சிவாஜியும் ஏ.பி. நாகராஜனும் மோதுவார்களே, ஞாபகம் இருக்கா? சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறக்கிற அளவுக்குப் போனது. அவ்வளவு நேரமும், அந்தக் கூந்தல் வைத்திருக்கிற ஒரு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அந்தச் சபையில் ஒருத்தருக்கும் தோணலை.

ஷீலா கௌடாவின் கயிற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லா முடியும் ஒன்றாகத் திரிந்துவிட்டது. அதில் எங்க அம்மா மாதிரி சிரித்துக்கொண்டே கொடுத்தவர் முடி எது, தங்கமணி மாதிரி பேசாமல் உட்கார்ந்தவர் முடி எது, பிரிக்க முடியாது. எங்க தொழிலிலும் இப்படித்தான். எல்லா வைப்பும் ஒரே குளத்தில் விழுந்துவிட்டால் எந்த ரூபாய் யாருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் ரூபாய்க்காவது ஆளுக்கொரு பாஸ்புக் இருக்கு. முடிக்கு அங்குலக் கணக்குத்தான் இருக்கு, ஆள் கணக்கு இல்லை. கண்காட்சியில் எங்கேயாவது ஒரு பெண்ணின் பெயர் இருந்திருக்கலாமே என்று முதலில் கோபப்பட்டேன். அப்புறம்தான், பெயர் இல்லாததைத்தான் அந்த அம்மா 'இதோ பார்' என்று காட்டுகிறாரோ என்று தோணியது. இப்பவும் முடிவுக்கு வரலை.

"முடிதானே, வளர்ந்துடும்" என்று சொல்கிற ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நானும் சொன்னவன்தான். எனக்கு முப்பத்தஞ்சிலேயே உச்சி வெளுத்துவிட்டது, வளரலை. அதை மறைக்க நான் தலைவாருகிற கோலத்தைத் தங்கமணி வேடிக்கை பார்ப்பாங்க. பத்து முடிக்கு இவ்வளவு பாடுபடுகிறவன், இடுப்பளவு முடியைப் பற்றி "வளர்ந்துடும்" என்று சொல்லலாமா? கல்யாண விளம்பரத்தில் நீளமான கூந்தலைத் தகுதியாகப் போடுவதும் நாம்தான், வேண்டுதல் என்று வந்தால் அது வெறும் முடி என்பதும் நாம்தான். ஏதாவது ஒன்று சொல்லுங்கப்பா. அவங்களுக்கு அது பெரிசு என்றால் அவங்களைக் கேட்கணும். பெரிசில்லை என்றால் பெருமாளுக்கு அதைக் கொடுப்பதில் என்ன பெருமை?

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இது இன்னும் சிக்கல். ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால் "திருப்பதியா, பழனியா?" என்று கேட்பார்கள். இங்கே நம்ம பொண்ணு தனியாகத்தான் அந்தத் தலையோடு பள்ளிக்கூடம் போகணும். வேண்டிக்கொண்ட பாட்டியும் கூட வரமாட்டாங்க, டிக்கெட் போட்ட அப்பாவும் கூடப் போகமாட்டார்.

எங்க வீட்டிலேயே இரண்டாம் தடவை வந்தது. 2023 கடைசியில் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து, பத்து நாள் ஆஸ்பத்திரி. பயந்துதான் போனோம். அம்மா போனில் அழுதுகொண்டே, "பாப்பா முடியைக் கொடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு" என்றாங்க. மகள் தேறி வந்ததும் சொன்னேன். பதினாறு வயசு. "என்னோடதை எப்படி அவங்க ப்ராமிஸ் பண்ணலாம்?" என்று ஒரே கேள்வி. நியாயம்தான். ஆனால் எழுபத்தி மூணு வயசு அம்மாவுக்கு வேண்டுதல் பாக்கி என்றால் தூக்கம் வராது, அதுவும் உண்மை. பூமுடி கொடுக்கலாமா, மூணு கத்தரி போடலாமா, பர்மிங்காம் பக்கத்து பாலாஜி கோயிலில் ஏதாவது செய்யலாமா என்று வட்டியைக் குறைக்கப் பேரம் பேசுகிற கடன்காரன் மாதிரி நான் அலைந்தேன். "அங்கெல்லாம் குடுத்தா கணக்குல வராதுடா" என்றாங்க அம்மா.

கடைசியில் பேசியது தங்கமணிதான். மாமியாரிடம் பதினாறு வருஷம் பேசாததை ஒரே போனில் பேசினாங்க. நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். சத்தம் கேட்கலை, அதுதான் பயமாக இருந்தது. ஸ்கார்ஃப், பூங்கொத்து எல்லாம் சொல்லியிருக்காங்க. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம், "எனக்குத் தெரியாதும்மா" என்றாங்களாம். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் எங்க வீட்டில் யாரும் கேட்டு வழக்கமில்லை.

2024 ஆகஸ்டில் திருமலை போனோம். கல்யாணகட்டாவில் டோக்கன் வாங்குகிற இடத்தில், மகளுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகாமல் நான் நெளிந்துகொண்டிருந்தேன். அம்மா தன் கையை நீட்டி டோக்கனும் பாதி பிளேடும் வாங்கிக்கொண்டாங்க. "வேண்டினது நான்தானே" என்றாங்க. எழுபத்தி நாலு வயசு, எலிவால் மாதிரி வெள்ளை ஜடை. இப்போதெல்லாம் பெண்களுக்கு மொட்டை போடப் பெண்களே இருக்காங்க. அந்தம்மாவும் "தல வஞ்சண்டி" என்றுதான் சொன்னாங்க. மகள் பாட்டி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜடையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளிடம் சொல்லிக்கொடுக்கலை.

நரைமுடி, தனித் தரம். 

தங்கமணி உள்ளே வரலை. வெளியே காபி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. அம்மா சந்தனத் தலையோடு வந்ததும் ஒரு கப்பை நீட்டினாங்க. "சர்க்கரை போட்டியா?" என்று கேட்டாங்க அம்மா. "போடலை அத்தை, உங்களுக்கு சுகர் இருக்கில்ல" என்றாங்க தங்கமணி.

ஈஸ்ட் ஹாம் நண்பரே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். ரூபாய் அடுத்த மாசமே மாத்துங்க, அவசரம் இல்லை. பொண்ணுகிட்ட இன்னைக்கு ராத்திரியே கேட்டுடுங்க.